அண்ணனுக்கு எச்சில் சோறு போட்ட கதை

1

என் அண்ணனுக்கு மெல்பர்னில் எச்சில் சோறு போட்டு அனுப்பினேன் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு பேச்சு நடக்கிறதாம். கிளப்பியது வேறு யாருமில்லை, அண்ணனேதான். ஊர் திரும்பிய களைப்புகூடத் தீர்ந்திருக்காது, அதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் அவருடைய குரல் வந்துவிட்டது.

"சீனாக்காரன் கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்தப் பொம்பள தன் வாயில வச்ச குச்சியால எடுத்து என் கிண்ணத்துல வெக்கிது. என் தங்கச்சி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் ஒரு பருக்கை தொடல. எந்திரிச்சு வந்துட்டேன்."

கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். புத்தூரில் இருக்கும் சித்தப்பா மகன் "சரியான முடிவு அண்ணே" என்று எழுதியிருந்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் இங்கே வந்து, என் வீட்டில் ஒரு மாதம் தங்கி, அதே மாதிரி ஒரு கடையில் இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டவன் அவன். அவன் மனைவி "நம்ம கலாசாரம்தான் பெருசு" என்று சேர்த்திருந்தாள்.

பதிலுக்கு நானும் குரல் பதிவு செய்யப் பார்த்தேன். கோபத்தில் குரல் நடுங்கியது. அழுகிறாள் என்று நினைப்பார்கள் என அழித்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரில் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால்தான் எனக்கு ஆறும்.

அது சீனாக்காரர் கடை இல்லை, வியட்நாம் சாப்பாட்டுக் கடை. அண்ணன் ஒரு பருக்கை தொடவில்லை என்பதும் பொய். அதற்குப் பிறகு வருகிறேன்.

2

எங்கள் வீடு பொன்மலை ரயில்வே காலனி. அப்பா ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தார், பின்னால் அண்ணனும் அங்கேயே சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்க் கறி எடுத்து வருவது அண்ணன் பொறுப்பு. ஆட்டுத் தலையை யார் பக்குவமாகச் சுட்டுத் தருவார்கள் என்று காலனியே அவரிடம்தான் கேட்கும். மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸில் நாலு பேர் கைவிட்டுச் சாப்பிட்ட கூட்டம் அவர்களுடையது.

ஓய்வு பெற்றதும் அண்ணன் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோனார். காவிரிப் பாலத்தைத் தாண்டியதும் ஆசாரம் வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் புரட்டாசிக்கு மட்டும் கறியை விட்டார். பிறகு மார்கழியும் சேர்ந்தது. கடைசியில் வருஷம் முழுக்கப் புரட்டாசி ஆகிவிட்டது. விடட்டும், உடம்புக்கு நல்லது. ஆனால் கறியோடு நின்றதா? பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்குத் தனி தம்ளர். குழாய் ரிப்பேர் பார்க்க வருகிறவர் தண்ணீர் கேட்டால் பழைய பாட்டிலில் பிடித்துக் கொடுப்பது. அண்ணி கையில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்த காபி தம்ளர், உதட்டில் பட்டது என்பதற்காக, ஒருநாள் என் கண் முன்னாலேயே தொட்டியில் போய் விழுந்தது. இவ்வளவும் எந்தப் பரம்பரையில் இருந்தது என்று கேட்டால், "நாம இருக்கற எடம் அப்படி" என்பார். பெருமாள் பேரில் பழி.

நான் கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. ஊட்டுவது, வாய் துடைப்பது, பல்செட்டைக் கழுவி வைப்பது, இதெல்லாம் என் அன்றாடம். எச்சில் என்று அருவருத்தால் எனக்கு இங்கே பிழைப்பு இல்லை. என் வீட்டுக்காரர் சில வருஷங்களுக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் மதி. அவளுக்கும் துவான் என்கிற வியட்நாம் பையனுக்கும் தை மாதம் கல்யாணம்.

கல்யாணத்தைத் திருச்சியில் வைக்க வேண்டும் என்பது மதியின் ஆசை, என்னுடையது இல்லை. "அப்பாவை இங்க வச்சு எரிச்சோம். அவர் சொந்தக்காரங்க யாருமே வரலை. கல்யாணமாவது அங்க நடக்கட்டும்மா" என்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழ் எழுதத் தெரியாது, இட்லிக்குத் தக்காளி சாஸ் தொட்டுக்கொள்வாள். கைவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் திருச்சியைக் கேட்ட அன்றே அங்கே மண்டபம் விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.

அங்கேதான் சிக்கல் வந்தது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பதியாக உட்கார வேண்டுமாம். கணவன் போனவள் மணவறைப் பக்கம் வரக் கூடாதாம். பெற்றது நான், வளர்த்தது நான், அவள் அப்பா போன வருஷம் அவளைத் தேற்றிப் பரீட்சை எழுத வைத்தது நான். கையைப் பிடித்துக் கொடுக்க மட்டும் நான் லாயக்கில்லை. வீட்டுக்காரருக்கு உடன்பிறப்பு கிடையாது. ஆகவே தாய்மாமன் என்கிற முறையில் அண்ணனும் அண்ணியும் உட்கார வேண்டும். மதிக்கும் மாமா என்றால் உயிர். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டை ஏறியவர் அவர்தான்.

கேட்டதற்கு அண்ணன் சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டு ஆளுங்கள நேர்ல பாக்காம நான் எப்படி மணவறையில உக்கார்றது? மொதல்ல பாக்கறேன். அப்பறம் சொல்றேன்."

அப்படித்தான் அண்ணனும் அண்ணியும் விமானம் ஏறினார்கள்.

3

விசா வாங்கிய கூத்தைத் தனியாக எழுதலாம். ஊருக்குத் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் எனக்கு போன் போட்டுக் கத்தினார். "நான் எதுக்குடி அங்க தங்கப் போறேன்? எனக்கு இங்க வீடு இருக்கு, பென்ஷன் இருக்கு, பெருமாள் இருக்காரு. அவங்க ஊர்ல என்ன இருக்குன்னு நான் ஓடி ஒளியப் போறேன்?" நியாயமான கோபம். என் வீட்டுக்காரர் இறந்தபோது இதே ஆதாரத்தைத் திரட்டி முடிப்பதற்குள் காரியமே முடிந்துவிட்டது. அதனால்தான் அன்றைக்கு யாரும் வர முடியவில்லை.

விமான நிலையத்தில் அடுத்த கூத்து. அண்ணி மதிக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்த கறிவேப்பிலை, மாவடு, பனங்கிழங்கு எல்லாவற்றையும் ஓர் இளைஞன் மேஜையில் பரப்பிவைத்திருந்தான். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் குப்பையில் போட்டானாம். அண்ணன் வீடு வருகிற வரைக்கும் காரில் பொருமிக்கொண்டே வந்தார்.

"கையுறை மாட்டிக்கிட்டுத் தொடறான் செல்வி. கிட்டக்க வரக்கூட யோசிக்கிறான். நான் என்ன தீட்டா?"

எனக்கும் ரத்தம் கொதித்தது. அவர் பக்கம்தான் பேசினேன். இந்த நாட்டில் நான் பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்லி அவரை ஆற்றினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

4

துவானின் அம்மா பெயர் லான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கைக்குழந்தையாக அம்மா மடியில் அகதிப் படகேறி வந்தவர். அப்பா லாரி ஓட்டுகிறவர், அந்த வாரம் சிட்னி பக்கம் போயிருந்தார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஊரிலிருந்து வருகிறார், அவருக்கு நான்தான் சாப்பாடு போடுவேன் என்று லான் ஒற்றைக் காலில் நின்றார்.

அந்த அம்மாள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். உங்கள் அண்ணன் எதெல்லாம் சாப்பிட மாட்டார் என்று கேட்டு போன் வரும். முட்டை? வெங்காயம், பூண்டு? "எங்கள் கோயில்காரர்கள் விரத நாளில் வெங்காயம்கூடத் தொட மாட்டார்கள், அவரும் அப்படியா?" என்று கேட்டார். அவர்களுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் சைவம். அமாவாசை என்று சொன்னதும் போனில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்றேன்.

அவர்கள் சாப்பாட்டில் மீன் சாறு இல்லாத பண்டம் அபூர்வம். கடைக்காரர் இல்லை என்றுதான் சொல்வார், உள்ளே ஊற்றிவிடுவார் என்று பயந்து, லான் அண்ணனுக்காக ஸ்பிரிங்வேல் பகுதியில் இருக்கும் முழுச் சைவக் கடையைத் தேடிப் பிடித்தார். சமையல்கட்டுக்கே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என் பெண்ணை எடுக்கப் போகிறவள் இப்படி ஒருத்தி என்று நினைக்க எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

அண்ணன் வேட்டி சட்டையில், நெற்றி நிறைய நாமத்தோடு வந்தார். அதில் எனக்குப் பெருமைதான். கடை வாசலில் தரையோடு தரையாக ஒரு சின்னச் சிவப்பு மாடம், உள்ளே தொந்தியோடு ஒரு சாமி, எதிரே ஆரஞ்சுப் பழம், ஊதுவத்தி, ஒரு கிண்ணத்தில் காபி. அண்ணி குனிந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் அவரை முறைத்தார்.

பெரிய வட்ட மேஜை. நடுவில் எல்லாருக்கும் பொதுவாகத் தட்டுகள் வந்து இறங்கின. வாழைப்பூவைப் பொடியாக நறுக்கி எலுமிச்சைச் சாறும் வேர்க்கடலையும் போட்டுப் பச்சையாகவே கலந்திருந்தார்கள். புளி கரைத்து அன்னாசியும் தக்காளியும் போட்ட சூப் வந்தது. அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, "ரசத்துக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு செல்வி" என்றார். கண்ணாடி போன்ற அரிசித் தாளைத் தண்ணீரில் நனைத்துப் புதினாவும் சேமியாவும் வைத்துச் சுருட்டிக்கொள்ள வேண்டும். அண்ணி இரண்டாவது தாளிலேயே அதைப் பழகிவிட்டார். முதல் முறையாக ஒரு கடையில் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

இதற்கெல்லாம் முன்னால், தட்டுகள் வந்ததுமே துவான் எழுந்தான். அவர்கள் வீட்டில் இளையவர்கள் ஒவ்வொரு பெரியவரையும் முறை சொல்லி அழைத்த பிறகுதான் சாப்பாட்டில் கைவைப்பார்கள். அதை மதியிடம் தமிழில் கேட்டுப் பழகி வந்திருந்தான்.

"மாமா, சாப்பிடுங்க. அத்தை, சாப்பிடுங்க. அம்மா, சாப்பிடுங்க."

அண்ணன் முகம் ஒரு கணம் இளகியது. "நம்ம பசங்களே இப்பல்லாம் இப்படிக் கேக்கறதில்ல" என்றார். மதி மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். காரியம் கைகூடிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

5

மண்சட்டியில் மிளகும் சர்க்கரையும் போட்டு வற்றக் காய்ச்சிய சோயாக் கட்டி கடைசியாக வந்தது. அந்தக் கடையில் பேர்போன பண்டம் அது. லான் அதில் நல்ல துண்டாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைத் திருப்பினார். வாய்ப்பக்கம் உள்ளங்கைக்குள் போயிற்று, இதுவரை எதிலும் படாத மேல்பக்கம் கீழே வந்தது. அந்த முனையால் துண்டை எடுத்து அண்ணன் கிண்ணத்தில் வைத்தார்.

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். விருந்துக்கு வந்த பெரியவருக்கு நல்ல துண்டைத் தானே எடுத்து வைப்பது அவர்கள் மரியாதை. வைக்கும்போது குச்சியைத் திருப்பிப் பிடிப்பது வளர்ப்பு சரியாக இருக்கிறவர்களின் வழக்கம். காரணம் என்ன? எச்சில்தான்! என் வாயில் பட்டது உங்கள் சோற்றில் படக் கூடாது என்கிற அதே எண்ணம்தான். நம்மைப் போலவே எச்சில் பார்க்கிற ஜனம் இந்த உலகத்தில் இன்னொன்று உண்டு என்று நான் கண்டுகொண்டது இவர்களிடம்தான். என்னோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரப் பெண்கள் ஒருத்தி கடித்த ஆப்பிளை இன்னொருத்தி கடிப்பார்கள்.

அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார். ஒற்றை விரலால் அதை மேஜை நடுவுக்குத் தள்ளிவிட்டார்.

"என்னண்ணே?"

"எச்சில்."

"இல்லண்ணே. குச்சியைத் திருப்பிப் பிடிச்சுத்தான் வச்சாங்க. நான் பாத்தேன்."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? அவ கை பட்டதுதான?"

இந்த வாக்கியத்தைத்தான் அண்ணன் வாட்ஸப்பில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாயம் வெளுத்திருக்கும். எச்சில் ஒரு சாக்கு. அந்தக் கை ஒரு வியட்நாம்காரியின் கை, அது ஆகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு அந்த இடத்தில் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இல்லத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்குக் கஞ்சி ஊட்டப் போனேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேறு யாரையாவது வரச் சொல் என்றாள். அன்றைக்கு நான் பாத்ரூமில் நின்றுகொண்டு போன் போட்டு அழுதது அண்ணனிடம்தான். "சாகப்போற காலத்துல அவளுக்கு என்னடி அவ்வளவு திமிரு? போட்டுட்டு வந்துரு நம்மூருக்கு" என்று எனக்காகக் கொதித்த மனிதர் அவர். கையுறைக்காரனை நினைத்து நான் என்ன தீட்டா என்று கேட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கிண்ணத்தைத் தள்ளிய விரலைப் பார்க்கப் பார்க்க, எனக்கு அந்தக் கிழவியின் கன்னம்தான் தெரிந்தது. அண்ணன் என்றும் பார்க்காமல் அந்த விரலை ஒடித்துப் போட வேண்டும் போல் இருந்தது.

மதி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "எச்சில்னா என்னம்மா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுக்காமலே வளர்த்திருக்கிறேன். லான் கையில் குச்சியைப் பிடித்தபடி, துண்டு பிடிக்கவில்லையோ, வேறு எடுத்து வைக்கட்டுமா என்கிற மாதிரி சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணி கையை நீட்டினார். நடுவில் கிடந்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஸ்பூனால் அந்தத் துண்டை வெட்டிச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டார். லானைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எச்சிலத் திங்கறியே, வெக்கமா இல்ல?" என்றார் அண்ணன்.

அண்ணி வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"கல்யாணத்தன்னிக்கு நீங்க சாப்ட்டு முடிச்ச எலையிலதான் என்னைய உக்கார வச்சாங்க. அதுக்கப்பறம் எத்தனையோ விசேஷம், எத்தனையோ எலை. அன்னிக்கெல்லாம் யாரும் வெக்கமா இல்லையான்னு கேக்கல."

மறுபடி ஸ்பூனை எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த வரையில் அண்ணி அண்ணனை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இந்தக் கல்யாணத்துல நான் மணவறையில உக்கார மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன் செல்வி."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கார்ச் சாவி என்னிடம் இருந்தது. அதனால் நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் குளிரில் கார் பக்கத்திலேயே நின்றார். நான் சாவியைக் கொடுத்தனுப்பவில்லை. துவான் தன் குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினான். அதை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

6

லானிடம் அண்ணனுக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? உங்கள் கை அவருக்கு ஆகாது என்று எந்த பாஷையில் சொல்வது?

மதி வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை இலை விஷயத்தைச் சொன்னாரே, அது நிஜமா, நீயும் அப்பா இலையில் சாப்பிட்டாயா என்று மறுநாள் கேட்டாள். ஆமாம் என்றேன். "மாமா என்னைத் தோளில தூக்கினாரே, அப்ப என் வாயெல்லாம் ஐஸ்கிரீம். சட்டையில துடைச்சேன். ஒண்ணும் சொல்லலையே" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் மாமாவை இழந்துகொண்டிருந்தாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம்.

இப்போது அந்தப் பருக்கை விஷயத்துக்கு வருகிறேன்.

வயிறு சரியில்லை என்று நான் சொன்ன பொய்யை லான் நம்பிவிட்டார். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு தூக்குப் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி, இஞ்சியைச் சன்னமாகச் சீவிப் போட்டது. தனியாக ஒரு டப்பாவில் உப்பில் ஊறிய காய். உடம்பு சரியில்லாதவருக்கு அவர்கள் வீட்டில் இதைத்தான் கொடுப்பார்களாம்.

அண்ணன் ராத்திரி சாப்பிடாத கோபத்தில் இருந்தார், பசியிலும் இருந்தார். அண்ணி அதை எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். அண்ணன் ஒரு வாய் குடித்தார். "இப்பத்தான் வயித்துக்கு எதமா இருக்கு. நம்மூர்க் கஞ்சி நம்மூர்க் கஞ்சிதான்" என்றார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். வழித்து நக்காத குறை.

அண்ணி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணே, இதைப் படித்துத்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். வேகவைத்தது லான், அரிசி களைந்தது லான், இஞ்சி சீவியது லான். அத்தனையும் அந்தக் கை பட்டதுதான். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

7

அவர்கள் ஊருக்குப் போன பிறகு புத்தூரில் எங்களுக்குப் பழக்கமான புரோகிதருக்கு போன் செய்தேன். அண்ணன் உட்கார மாட்டார், நானே தாரை வார்த்துக் கொடுக்கிறேன் என்றேன்.

"அதுக்கு சாஸ்திரத்துல எடமில்லம்மா. தம்பதியா இருக்கணும். சொந்தத்துல யாரும் இல்லேன்னா பரவால்ல, மண்டபத்து மேனேஜரும் அவர் சம்சாரமும் உக்காரட்டும். நெறைய கல்யாணத்துல அப்படிப் பண்ணியிருக்கோம்."

என் மகளின் முகத்தைப் பார்த்திராத ஒரு மேனேஜர் அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கலாம். நான் கூடாது. என்ன சாஸ்திரமோ! நான் அவரிடம் சத்தம் போட்டுவிட்டேன். அவர் பாவம், வயதானவர், போனை வைத்துவிட்டார்.

கடைசியில் உறையூரில் தமிழ் முறையில் கல்யாணம் செய்துவைக்கும் ஒருவர் கிடைத்தார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் பேச்சைத் தொடங்கினேன். "பெத்தவங்கதாம்மா குடுக்கணும். வேற யாரு குடுப்பா? நீங்க உக்காருங்க" என்றார். இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

மதியிடம் சொன்னேன். "மாமா?" என்று மட்டும் கேட்டாள். வர மாட்டார் போலிருக்கிறது என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில் அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது. "தாய்மாமன் என்று என் பேரைப் போடக் கூடாது." பெருமாள் படத்தைக் காலைவணக்கமாக அனுப்பிவிட்டு, அதற்குக் கீழேயே இது. அந்த இடத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. தாய்மாமன் பேர் இல்லாத பத்திரிகையை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. காலியாக விட்டால் ஊர் அதையே பேசும், வேண்டாமென்ற பேரைப் போட்டால் அவர் பேசுவார். இரண்டு நாள் அச்சகத்துக்காரரைக் காக்க வைத்தேன்.

நேற்று விடியற்காலையில், அண்ணன் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அண்ணி போன் செய்தார்.

"செல்வி, பத்திரிகை அடிச்சாச்சா?"

"இல்லண்ணி. அண்ணன் பேரு வேணாம்னுட்டாரு. அந்த எடத்த என்ன பண்றதுன்னே தெரியல."

"நீ மணவறையில உக்காரும்போது பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லண்ணி. நான் மட்டும்தான்."

"நான் வரேன். பக்கத்துல நிக்கறேன்."

"அண்ணன் விடுவாரா?"

"அவரு எதுக்கு விடணும்? வாசல்ல ஒண்ணாம் நம்பர் பஸ்ஸு நிக்கிது. ஏறுனா ஜங்ஷன். அங்கேருந்து மண்டபத்துக்கு நடந்தே வந்துருவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுது முடித்ததும் அண்ணி சொன்னார்.

"தாய்மாமன்னு இருக்கற எடத்துல 'அத்தை'ன்னு போடு. போட்டு என் பேரப் போடு."

"சரிண்ணி. அண்ணன் இனிஷியல் வேணாம்ல? உங்க அப்பா இனிஷியல் போடட்டுமா?"

அண்ணி யோசித்துத்தான் சொன்னார்.

"எத்தனையோ கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கேன் செல்வி. எல்லாம் உங்கண்ணன் பேருலதான். அதுக்கு முந்தி எங்கப்பா பேருல. இனிஷியலே வேணாம். ஜெயக்கொடின்னு போடு. யாருன்னு கேட்டா வந்து கேக்கட்டும், நான் சொல்லிக்கறேன்."

அச்சகத்துக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.